தரையில் உட்கார்ந்து வரைந்த எமிலிப் பாட்டி: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் ஆஸ்திரேலியத் தொல்குடி ஓவியர் எமிலி காம் உங்வாரே பற்றி எழுதியிருந்தோம். அதைப் பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாக: மத்திய ஆஸ்திரேலியப் பாலைநிலத்தில், ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகருக்கு வடகிழக்கே 200 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள உட்டோப்பியா பகுதியில், 1910 வாக்கில் பிறந்தவர். அன்மாட்யர் இனத்துப் பெண். இளவயதில் வெள்ளைக்காரர்களின் மாட்டுப்பண்ணைகளில் வேலை பார்த்தார். 1977 முதல் பட்டுத்துணியில் மெழுகு வைத்துச் சாயம் போடும் பாத்திக் வேலை. 1988–89 கோடையில்தான், கிட்டத்தட்ட 78 வயதில், முதன்முதலாகக் கேன்வாஸில் அக்ரிலிக் வண்ணம் வைத்தார். 1996 செப்டம்பரில் மறைந்தார். இடைப்பட்ட 8 ஆண்டுகளில் சுமார் 3,000 ஓவியங்கள். அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுக் காவிரிப் பாசனப் பகுதியிலிருந்து எழுதியவர்களில் சிலருக்கு இங்கே பதில்.

கேள்வி (ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்): பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர், யாரிடமும் ஓவியம் கற்காதவர், 78 வயதில் ஆரம்பித்து 3,000 படம் வரைந்தார் என்கிறீர்கள். கணக்குப் பார்த்தால் நாளுக்கு ஒன்று வருகிறது. நம்பச் சிரமமாக இருக்கிறதே?

ஐயா, உங்கள் கணக்கு சரிதான். ஆனால் "யாரிடமும் கற்காதவர்" என்பதை மட்டும் நாங்கள் ஏற்கவில்லை. ஓவியக் கல்லூரியில் கற்காதவர் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

உட்டோப்பியாப் பெண்களுக்கு 'அவெல்யே' என்ற சடங்கு உண்டு. பாட்டு, ஆட்டம், உடம்பில் வரைவது மூன்றும் சேர்ந்தது. முதலில் தோலில் கொழுப்பைத் தேய்ப்பார்கள். அதன்மேல் காவி, மஞ்சள் காவி, கரி, சாம்பல் இவற்றை விரலாலோ தட்டையான சிறு குச்சியாலோ தொட்டு, மார்பிலும் தோளிலும் மேல்கையிலும் கோடு இழுப்பார்கள். வரைகிறவர் வாயில் பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும். எந்தக் கோடு எந்த இடத்துக்கு உரியது, அதை யார் யாருக்குப் போடலாம் என்பது மூத்த பெண்களுக்குத்தான் தெரியும். எமிலி அந்த மூத்தவர்களில் முதல் வரிசையில் இருந்தவர். வழுக்கும் தோலில், மூச்சு வாங்கும் மார்பில், ஒரே இழுப்பில் கோடு விழவேண்டும். பெரிய கேன்வாஸில் அவர் கை தயங்காமல் ஓடியதற்கு இதைவிடப் பெரிய பயிற்சி எது?

இன்னொன்று மணல். மத்திய ஆஸ்திரேலியாவில் பெண்கள் கதை சொல்லும்போது முன்னால் உள்ள மணலை உள்ளங்கையால் நிரவி, விரலால் வரைந்துகொண்டே சொல்வார்கள். காட்சி மாறினால் துடைத்துவிட்டு அடுத்தது. உட்கார்ந்த ஆள், குடிசை, அடுப்பு, நடந்துபோன தடம் எல்லாமே மேலிருந்து பார்த்த வடிவம்தான். மணலில் உட்கார்ந்து வரைந்தே பழகியவரிடம் கேன்வாஸைக் கொடுத்தபோது அவர் அதைத் தரையில் விரித்து, அதன் ஓரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். துணி பெரிதானால் அதன்மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டார். நாலு பக்கத்திலிருந்தும் வரைந்ததால் அவர் படங்களுக்கு மேல் – கீழ் என்று ஒன்று பெரும்பாலும் கிடையாது.

ஆக, 78 வயதில் புதிதாக வந்தது கேன்வாஸும் அக்ரிலிக்கும்தான். கை அறுபது எழுபது வருஷப் பழக்கம் உள்ள கை. அக்ரிலிக் சீக்கிரம் காயும், மறுபூச்சுக்குக் காத்திருக்க வேண்டாம் என்பதும் வேகத்துக்கு ஒரு காரணம். முதலில் கிழங்குக் கொடிக் கோடுகளின் மேல் மெல்லிய புள்ளிகள். 1992 வாக்கில் முரட்டுத் தூரிகையை நட்டுக்குத்தலாக அழுத்தி வைத்த பெரும் புள்ளிகள். பிறகு உடற்கோடுகளைப் போன்ற வெறும் பட்டைகள். கடைசி நாட்களில் அடிப்பூச்சு அடிக்கும் அகலத் தூரிகையால் சில வீச்சுகள். இப்படி முறையும் மாறிக்கொண்டே போனது.

உங்கள் சந்தேகத்தில் ஒரு பாதி நியாயம். பேர் வந்தபின் தரகர்களும் வியாபாரிகளும் அவரைச் சுற்றி மொய்த்தார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் வரைந்து கொடுக்கும் நெருக்கடி அவருக்கு இருந்தது. அதனால்தான் அவர் பெயரில் வரும் படம் யார் கையிலிருந்து எப்போது வாங்கப்பட்டது என்ற சங்கிலியை அருங்காட்சியகங்கள் அவ்வளவு கவனமாகப் பார்க்கின்றன.

கேள்வி (விவசாயி, மன்னார்குடி): அவர் படங்களில் திரும்பத் திரும்ப வரும் கிழங்குக் கொடி நம்ம வள்ளிக்கிழங்கு இனமா?

இல்லை. கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள், அது உங்கள் உளுந்துக்குப் பங்காளி. தாவரவியலில் உளுந்து விக்னா முங்கோ, பச்சைப்பயறு விக்னா ரேடியேட்டா, தட்டைப்பயறு விக்னா அங்குயிகுலேட்டா. எமிலியின் கிழங்கு விக்னா லான்சியோலேட்டா. சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாளைக்கு முன், வயல் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது நீங்கள் தெளிக்கிற அதே குடும்பம்தான். மூவிலை, மஞ்சள் பூ, காய் எல்லாம் பார்த்த மாதிரியே இருக்கும்.

வேறுபாடு வேரில். உளுந்து இரண்டரை மாதத்தில் முடிந்துவிடும். இது பல ஆண்டு உயிரோடு கிடக்கும் படர்கொடி. ஆணிவேர் விரல் கனத்துக்குப் பருத்து மாவுச்சத்தைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். மண்ணுக்கு மேலே ஒரு காய், மண்ணுக்கு உள்ளே ஒரு காய் என்று இரண்டு விதமாகவும் காய்க்கும். மழை பெய்தால் கொடி தழைத்து ஓடும். வெயிலில் மேல்கொடி காய்ந்து காணாமல் போகும். அப்போது பெண்கள் தேடுவது நிலத்து வெடிப்பை. உள்ளே கிழங்கு பருத்த இடத்தில் மண் கீறியிருக்கும். அதன் பக்கவாட்டில் தோண்டுகோலால் குழி பறித்து, வேரை அறுக்காமல் உருவி எடுப்பார்கள். பச்சையாகவும் தின்பார்கள், சுடுசாம்பலில் புதைத்துச் சுட்டும் தின்பார்கள். 'காம்' என்பது இந்தக் கொடியின் விதையும் காயும். எமிலியின் பெயரே அதுதான். தன்னையே அந்தக் கொடியாக நினைத்தவர் அவர்.

மெல்பனில் உள்ள விக்டோரியா தேசியக் கலைக்கூடத்தில் 1995-ல் அவர் வரைந்த 'பெருங்கிழங்கு' ஓவியம் இருக்கிறது. உயரம் சுமார் 3 மீட்டர், அகலம் 8 மீட்டர். கறுப்பு அடிப்பூச்சின் மேல் வெள்ளைக் கோடு மட்டும். வேறு நிறமே இல்லை. துணிமேல் உட்கார்ந்து, நகர்ந்து நகர்ந்து, இரண்டே நாளில் முடித்தார். ஒருமுறைகூட எழுந்து தள்ளிநின்று பார்த்துத் திருத்தவில்லை. கிட்டே போய்ப் பார்த்தால் ஒவ்வொரு கோடும் ஓர் இடத்தில் கனத்துத் தொடங்கி, போகப்போக மெலிந்து, பக்கத்துக் கோட்டோடு ஒட்டி வளைந்து திரும்புகிறது. வேர் என்றும் சொல்லலாம், வெடிப்பு என்றும் சொல்லலாம். மாசி பங்குனியில் உங்கள் தாளடி வயல் பாளம் பாளமாக வெடித்துக் கிடப்பதைப் பார்த்திருக்கிறீர்கள். அந்தப் படம் விளக்கம் இல்லாமலே உங்களுக்குப் புரியும்.

கேள்வி (நெசவுக் குடும்பத்துப் பெண், திருபுவனம்): பட்டில் மெழுகு வைத்துச் சாயம் போட்டார் என்று எழுதியிருந்தீர்கள். முறை என்ன? பதினோரு வருஷம் செய்ததை ஏன் விட்டார்?

முறை எல்லா இடத்திலும் ஒன்றுதான். சாயம் ஏறக்கூடாத இடத்தில் மெழுகு. பட்டை முதலில் நன்றாக அலசிப் பசையை எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் மெழுகும் பிடிக்காது, சாயமும் திட்டுத்திட்டாக ஏறும். மெழுகில் தேன்மெழுகும் பாரஃபினும் பாதிக்குப் பாதி. பாரஃபின் கூடினால் துணி மடங்கும் இடமெல்லாம் மெழுகு வெடித்து, சாயம் நரம்பு நரம்பாக உள்ளே இறங்கும். சிலர் அதை வேண்டுமென்றே செய்வார்கள். வேண்டாதவர்கள் தேன்மெழுகைக் கூட்டிக்கொள்ளலாம்.

மெழுகை நேராக நெருப்பில் வைக்காதீர்கள். பெரிய பாத்திரத்துத் தண்ணீருக்குள் சின்னப் பாத்திரம். புகை வந்தால் உடனே இறக்கிவிட வேண்டும். தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது, மூடிபோட்டு அணைக்க வேண்டும். சூடு சரியா என்று துணியே சொல்லும். மெழுகு பட்ட இடம் கண்ணாடிபோலத் தெரிந்தால் சரி. வெள்ளையாக மேலேயே உட்கார்ந்தால் சூடு போதவில்லை, சாயம் அடியில் புகுந்துவிடும். கோட்டைத் தாண்டிப் பரவினால் சூடு அதிகம். சாயம் குளிர்ந்த நீரில் கரைவதாக இருக்கவேண்டும். வெளிர்நிறத்தில் தொடங்கி அடர்நிறத்துக்குப் போகவேண்டும். மஞ்சள் முக்கி, காயவைத்து, மஞ்சளாகவே இருக்கவேண்டிய இடத்தில் மெழுகு வைத்து, சிவப்பு. மறுபடி மெழுகு, கடைசியில் கபிலம். எல்லாம் முடிந்து கொதிநீரில் போட்டு மெழுகை எடுப்பது. அதிக நேரம் கொதித்தால் பட்டின் பளபளப்பு போய்விடும், அதனால் முதலில் காகிதம் வைத்து இஸ்திரி போட்டு முக்கால்வாசி மெழுகை எடுத்துவிட்டு, மிச்சத்துக்கு மட்டும் வெந்நீர்.

இதைத் தண்ணீர்த் தட்டுப்பாடுள்ள பாலைநிலத்தில், திறந்தவெளியில், விறகு பொறுக்கி அடுப்பு மூட்டி, கோடை வெயிலில் செய்தார்கள். தெற்கே எர்னபெல்லா என்ற ஊரில் 1971 முதலே பெண்கள் பாத்திக் செய்துவந்தார்கள். அங்கிருந்து உட்டோப்பியாவுக்கு வந்தது. 1978-ல் பெண்கள் குழுவாகச் சேர்ந்தார்கள். வயது ஏற ஏற எமிலிக்குக் கண் மங்கியது. காய்ச்சுவதும் அலசுவதும் கொதிக்கவைப்பதும் உடம்புக்கு ஒத்துவரவில்லை. கேன்வாஸில் அந்த வேலை எதுவும் இல்லை என்று அவரே சொல்லியிருக்கிறார்.

மெழுகுவேலை உங்கள் பக்கத்துக்கும் புதிதல்ல. கொள்ளிடத்துக்கு வடகரையில் கோடாலிக்கருப்பூரில் தஞ்சை மராட்டிய அரச குடும்பத்துக்காக நெய்த சேலைகளில், சரிகை நெசவோடு மெழுகுத் தடுப்பும் கைவண்ணமும் சேர்ந்திருந்தன. அரசு போனது, வாங்க ஆளில்லை, 19-ஆம் நூற்றாண்டிலேயே வேலை நின்றுவிட்டது. உட்டோப்பியாவில் பாத்திக் குறைந்தபோது கேன்வாஸ் வந்து கையைப் பிடித்துக்கொண்டது. கோடாலிக்கருப்பூருக்கு அப்படி ஒன்றும் வரவில்லை.

கேள்வி (ஓவிய ஆசிரியர், திருவாரூர்): எங்கள் பள்ளியில் ஆஸ்திரேலியப் புள்ளி ஓவியப் போட்டி வைக்க ஆசை. எப்படி வரைவது என்று படிப்படியாகச் சொல்லுங்கள்.

புள்ளி வைப்பதைச் சொல்லித்தருகிறோம். ஆனால் அவர்களுடைய வடிவங்களைப் பிள்ளைகள் நகலெடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். காரணம் இருக்கிறது. அங்கே ஒரு நீர்ச்சுனையின் கதை ஒரு குடும்பத்துக்கு உரியது. அப்பன் வழியில் வந்தவர்கள் வரையலாம். தாய் வழியில் வந்தவர்கள் அது சரியாக வரையப்படுகிறதா என்று பார்த்துக்கொள்வார்கள். பக்கத்து ஊர்க்காரரே கேட்காமல் எடுக்க முடியாது. 1966-ல் ஆஸ்திரேலியாவின் ஒரு டாலர் நோட்டில் தொல்குடி ஓவியர் டேவிட் மலாங்கியின் மரப்பட்டை ஓவியத்தை அவருக்குத் தெரியாமலே அச்சடித்தார்கள். பிறகுதான் 1,000 டாலரும், ஒரு பதக்கமும், மீன்பிடிக் கருவிகளும் கொடுத்தார்கள். 1990-களில் வியட்நாமில் நெய்த கம்பளங்களில் இவர்கள் ஓவியங்களைப் போட்டு இறக்குமதி செய்தவர்கள் மீது வழக்குப் போட்டு, 1994-ல் ஓவியர்கள் வென்றார்கள். காலில் மிதிபடும் கம்பளத்தில் முன்னோர் வடிவம் கிடந்ததுதான் அவர்களுக்குப் பெரிய வலி.

புள்ளிக்கும் ஒரு வரலாறு உண்டு. 1971-ல் மத்திய ஆஸ்திரேலியாவில் உள்ள பப்புன்யா குடியிருப்பில் ஜெஃப்ரி பார்டன் என்ற பள்ளி ஆசிரியர் இருந்த காலத்தில், பெரியவர்கள் பலகைகளில் வரையத் தொடங்கினார்கள். முதல் படங்களில் சடங்குக்குரிய மறைபொருள்கள் வெளிப்படையாகவே இருந்தன. மற்ற இனத்தார் கண்டித்தார்கள். அதன்பின் மறைக்கவேண்டியதை மறைக்கப் புள்ளிகள் பெருகின. நம் புள்ளிக்கோலத்தில் புள்ளி முதலில் வரும், கோடு அதைச் சுற்றும். அங்கே கோடும் வடிவமும் முதலில். புள்ளி கடைசியில் வந்து நிரப்பும், மூடும். பார்க்க ஒன்றுபோலத் தெரிந்தாலும் வேலை நேரெதிர்.

உங்கள் பிள்ளைகளுக்கு எங்கள் யோசனை: அவரவர் ஊரை மேலிருந்து பார்த்து வரையட்டும். ஆறு, மதகு, வாய்க்கால், வரப்பு, நாற்றங்கால், களம், குளம். இதற்கு அவர்களுடைய வளைவுக்குறிகளையும் வட்டத்துக்குள் வட்டத்தையும் கடன் வாங்க வேண்டாம். வாய்க்கால் எந்தப் பக்கம் பிரிகிறது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுவரச் சொல்லுங்கள்.

பொருள்: 30 சென்டிமீட்டர் சதுர ஹார்டுபோர்டு. வழுவழுப்பான பக்கத்தை 220 நம்பர் உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்துவிட்டு, கறுப்போ செங்காவியோ அக்ரிலிக் இரண்டு கை. முதல் கை முழுக்கக் காய்ந்தபின் இரண்டாவது. அடிப்பூச்சு ஈரமாக இருக்கும்போது புள்ளி வைத்தால் ஓரம் கரைந்து பூக்கும். புள்ளிக்குச் சுக்கா குத்தும் மூங்கில் குச்சியின் மழுங்கிய முனை, பெரிய புள்ளிக்குப் பென்சிலின் ரப்பர் முனை. 10 ஸ்பூன் பெயின்டுக்கு 1 ஸ்பூன் தண்ணீர் போதும். நீர்த்துப்போனால் நடுவில் பள்ளமும் ஓரத்தில் வளையமுமாகக் காயும். கெட்டியாக இருந்தால் ஒவ்வொரு புள்ளியும் வால் முளைத்து நிற்கும். குச்சியைச் செங்குத்தாகப் பிடித்து, தொட்டு, நேரே தூக்க வேண்டும். சாய்த்தால் நீள்வட்டம் ஆகிவிடும். ஒரு தோய்ச்சலுக்கு மூன்று நாலு புள்ளி வரும், ஒவ்வொன்றும் முந்தியதைவிடச் சின்னதாக. ஒரே அளவு வேண்டுமென்றால் புள்ளிக்குப் புள்ளி தோய்க்க வேண்டும். முனையில் பெயின்ட் காய்ந்து கட்டியாகும், அடிக்கடி ஈரத்துணியில் துடையுங்கள். நெருக்கமான புள்ளிகளை ஒன்றுவிட்டு ஒன்றாக வைத்து, காய்ந்தபின் இடையில் நிரப்பினால் ஒன்றோடொன்று ஒட்டாது. வகுப்பறையில் மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். கிண்ணத்துப் பெயின்டில் ஆடை படிந்து பாதி வீணாகும். பலகை தரையில் இருக்கட்டும், பிள்ளைகள் சுற்றிவந்து வரையட்டும்.

கேள்வி (வாசகி, நாகப்பட்டினம்): எமிலியைப் போல வயதானபின் தொடங்கியவர்கள் வேறு யாரும் உண்டா?

உண்டு. உங்கள் ஊரிலிருந்து கேட்பதால் சாலி கபோரியைச் சொல்கிறோம். வடக்கே கார்ப்பென்டேரியா வளைகுடாவில் உள்ள பெண்டிங்க் தீவில் 1924 வாக்கில் பிறந்தவர். கையடில்ட் இனம். அங்கே கரையோரம் கல்லை அடுக்கி வளைவான சுவர் கட்டி வைத்திருப்பார்கள். கடல் ஏறும்போது மீன் சுவர் தாண்டி உள்ளே வரும். வற்றும்போது உள்ளேயே தங்கிவிடும். கல் சரிந்தால் எடுத்துக் கட்டுவது சாலி போன்ற பெண்களின் வேலை. 1940-களில் வறட்சி, 1948-ல் கடல் பொங்கி ஏறி, குடிநீர் ஊற்றுகளில் உப்புநீர் புகுந்துவிட்டது. மிஷனரிகள் தீவின் மக்களை மொத்தமாகப் பக்கத்து மார்னிங்டன் தீவுக்குக் கொண்டுபோனார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு உங்கள் கரையோரக் கிணறுகள் என்ன ஆயின என்பதைப் பார்த்தவர்களுக்கு அந்த இடப்பெயர்வை விளக்கத் தேவையில்லை. வித்தியாசம், அவர்களால் பல பத்தாண்டுகள் வீடு திரும்ப முடியவில்லை.

2005-ல், 80 வயதுக்கு மேல், முதியோருக்கான ஓவியப் பட்டறையில் சாலி தூரிகை எடுத்தார். எமிலிக்கு இருந்த உடல்வரைவு, மணல்வரைவு போன்ற பின்புலம் இவருக்கு அவ்வளவாகக் கிடையாது. புள்ளியும் கிடையாது. கொட்டிய வண்ணம் ஈரமாக இருக்கும்போதே அதன்மேல் அடுத்த வண்ணத்தை அகலத் தூரிகையால் இழுத்து, இரண்டும் கலக்கும் இடத்தைக் கடலாகவும் உப்பளமாகவும் ஆக்கினார். 2015-ல் மறையும்வரை 2,000-க்கு மேல் வரைந்தார். எல்லாமே அவர் விட்டுவந்த இடங்கள்: மீன்பொறிச் சுவர், கணவரின் ஊர், அப்பாவின் ஊர். 2022-ல் பாரிஸில் கார்த்தியே அறக்கட்டளை அவர் ஓவியங்களுக்கென்றே தனிக் கண்காட்சி நடத்தியது. ஈரத்தின்மேல் ஈரம் என்ற இந்த முறையைச் சித்திரை வெயிலில் முயலாதீர்கள். அக்ரிலிக் சில நிமிடத்தில் இறுகித் தூரிகை பிய்த்துக்கொண்டு வரும்.

கேள்வி (வாசகர், சீர்காழி): அந்த மக்கள் இறந்தவர் பெயரைச் சொல்லமாட்டார்களாமே. நீங்கள் அச்சிடலாமா?

துக்கக் காலத்தில் சொல்லமாட்டார்கள். அதே பெயருள்ள உயிரோடு இருப்பவரையும் மாற்றுப்பெயரால்தான் கூப்பிடுவார்கள். படத்தையும் காட்டமாட்டார்கள். எத்தனை காலம் என்பது குடும்பத்தைப் பொறுத்தது. எமிலி, சாலி இருவர் பெயரிலும் குடும்பத்தார் சம்மதத்தோடு கண்காட்சிகள் நடந்துவருவதால் எழுதுகிறோம். அங்குள்ள தொலைக்காட்சிகள் இறந்தவர் படம் வருமுன் அறிவிப்புப் போடுவது வழக்கம். அது நல்ல வழக்கம்.

கேள்வி (தஞ்சாவூர் ஓவியக் கலைஞர், தஞ்சாவூர்): காவி, கரி, வெள்ளை மண் மட்டும் வைத்து வரைகிறவர்கள் இன்னும் இருக்கிறார்களா? எதைப் பிசினாகச் சேர்க்கிறார்கள்?

ஆஸ்திரேலியாவின் வடக்கே ஆர்னம் லாந்து பகுதியில் நிறையவே இருக்கிறார்கள். நார்ப்பட்டை யூக்கலிப்டஸ் மரத்தின் பட்டையை மழைக்காலத்தில் உரிப்பார்கள், சாறு ஓடும்போதுதான் சேதமில்லாமல் கழன்று வரும். வெளிப்புறச் சொரசொரப்பைச் செதுக்கி, நெருப்பில் வாட்டி, கல்லைப் பாரம் வைத்து நாள்கணக்கில் சமப்படுத்துவார்கள். மேலும் கீழும் குச்சி கட்டினாலும் ஈரக்காற்றுப் பட்டால் அது சுருளத்தான் பார்க்கும். பழைய பிசின் ஒருவகை ஆர்க்கிட் செடியின் சாறு; இப்போது பெரும்பாலும் வெள்ளைப் பசை. கோடு இழுக்க, மனிதத் தலைமயிர் சில இழைகளைக் குச்சியில் கட்டிய தூரிகை. மயிர் முழுவதையும் வண்ணத்தில் நனைத்து, பட்டைமேல் படுக்கவைத்து இழுப்பார்கள். உங்கள் அணில்மயிர்த் தூரிகையில் நுனிதான் வேலை செய்யும். அங்கே முழு நீளமும் வேலை செய்யும்.

மண் வண்ணம் செய்து பார்க்க ஆசையென்றால் வல்லம் பக்கத்துச் செம்மண்ணே போதும். ஆற்று வண்டல் சரிவராது, நிறமில்லை. ஒரு கிலோ மண்ணை ஒரு வாளி நீரில் கலக்கி, ஒரு நிமிஷம் விட்டு, மேல் கலங்கலை மட்டும் மெல்லிய துணியில் வடித்து வேறு வாளிக்கு மாற்றுங்கள். மணல் அடியில் தங்கிவிடும். ராத்திரி முழுக்கத் தெளியவிட்டு, நீரை இறுத்து, படிந்ததை நிழலில் காயவைத்து, அம்மியில் விழுதாக அரையுங்கள். கருவேலம் பிசின் ஒரு பங்கு, வெந்நீர் இரண்டு பங்கு ஊறவைத்து வடித்து, பூசணம் பிடிக்காமல் இரண்டு துளி கிராம்பெண்ணெய். விழுதும் பிசின் நீரும் சம அளவில் தொடங்கி, ஒரு கோடு போட்டு மறுநாள் விரலால் தேயுங்கள். தூள் ஒட்டினால் பிசின் குறைவு. பளபளத்து வெடித்தால் அதிகம். ஐப்பசி கார்த்திகையில் பிசின் ஈரத்தை இழுத்துப் பிசுபிசுக்கும். அந்த இரண்டு மாதம் இந்த வேலை வேண்டாம்.

கேள்வி (வாசகர், மயிலாடுதுறை): மகள் மெல்பனில் இருக்கிறாள். ஒரு படம் வாங்கிவரச் சொல்லலாமா? அந்த விலையில் ஓவியருக்கு என்ன போகும்?

தொல்குடி மக்களே நடத்தும் கலைமையங்கள் மூலம் வாங்கச் சொல்லுங்கள். ஓவியர் பெயர், இனம், ஊர், படத்தின் கதை, பதிவு எண் எல்லாம் உள்ள சான்றிதழ் தருவார்கள். "தொல்குடி பாணி" என்று மட்டும் அச்சிட்ட கடைப்பொருளில் ஓவியர் பெயரே இருக்காது; அதை விட்டுவிடலாம்.

முன்பு நிலைமை மோசம். தொல்குடி ஓவியர் ஜானி வாரங்குலா சுப்புருலாவின் 'காலிபின்பா நீர்க்கதை' ஓவியம் முதலில் 150 டாலருக்குப் போனது. அதுவே ஏலத்தில் 1997-ல் 2,06,000 டாலருக்கும், 2000-ல் 4,86,500 டாலருக்கும் கைமாறியது. மறுவிற்பனையில் ஓவியருக்குப் பங்கு தரும் சட்டம் அப்போது இல்லை. இப்போது உண்டு. 2010 ஜூன் 9 முதல், 1,000 டாலருக்குக் குறையாத மறுவிற்பனையில் 5 சதவீதம் ஓவியருக்கு. அவர் மறைந்தபின் 70 ஆண்டுவரை வாரிசுகளுக்கு. எமிலியின் 1994-ஆம் ஆண்டு 'பூமியின் படைப்பு' 2007-ல் 10 லட்சம் டாலரைத் தாண்டி விற்றது, 2017-ல் 21 லட்சம்.

கொண்டுவரும்போது படத்தை வண்ணப்பக்கம் வெளியே இருக்கும்படி அகலமான குழாயில் சுருட்ட வேண்டும். உள்பக்கம் சுருட்டினால் புள்ளிகள் நசுங்கி விரிசல் விடும். மேலே ஒட்டாத காகிதம்; குமிழி பிளாஸ்டிக் நேரடியாகப் படக்கூடாது, வெயிலில் அதன் தடம் அக்ரிலிக்கில் பதிந்துவிடும். வீட்டில் மழைநீர் ஊறும் சுவரில் மாட்டாதீர்கள். சட்டத்தின் பின்னால் நாலு மூலையிலும் தக்கைத் துண்டு ஒட்டிச் சுவரிலிருந்து ஒரு விரற்கடை தள்ளி நிறுத்துங்கள்.

கேள்வி (கல்லூரி மாணவி, திருவையாறு): எங்க அப்பாயிக்கு 81 வயசு. சிக்குக்கோலம் அவங்க மாதிரி யாரும் போட முடியாது. இப்ப கை நடுங்குது, குனிய முடியலை. எமிலி பத்திப் படிச்சதும் கேன்வாஸ் வாங்கிக் கொடுக்கலாமான்னு தோணுது.

கொடுங்கள் அம்மா. ஆனால் மேஜையிலோ ஸ்டாண்டிலோ வைக்காதீர்கள். குனிய முடியாதென்றால் தாழ்ந்த மணையில் உட்காரவைத்து, கறுப்படித்த ஹார்டுபோர்டை முன்னால் தரையில் போடுங்கள். முதலில் பெயின்ட் வேண்டாம், சாக்பீஸ் போதும். அழித்து அழித்துப் போடலாம் என்றால் பயம் இருக்காது. கோலமாவுதான் கைக்குப் பழக்கம் என்றால் சற்று நறநறப்பான மாவாகக் கொடுங்கள், நைசானது விரலில் அடைத்துக்கொள்ளும். கோடு நடுங்கினால் நடுங்கட்டும், திருத்தாதீர்கள். பிறகு விருப்பப்பட்டால் வெள்ளை அக்ரிலிக்.

அதோடு, தெரிந்த கோலங்களை இப்போதே பதிவு செய்யுங்கள். முடிந்த கோலத்தின் படம் மட்டும் போதாது. கையையும் கோட்டையும் தொடக்கம் முதல் கடைசிவரை வீடியோ எடுக்க வேண்டும். சிக்கு எங்கே தொடங்கி, எங்கே உள்ளே நுழைந்து, எங்கே வந்து சேர்கிறது என்பது அதில்தான் தெரியும். செல்போனை நேர் மேலே பிடியுங்கள். பக்கவாட்டில் எடுத்தால் புள்ளி வரிசை சரிந்து எண்ண முடியாது. காலைச் சாய்வெயில் நல்லது, உச்சிவெயிலில் வெள்ளைக்கோடு கண்ணில் படாது. நோட்டில் எத்தனை புள்ளி, எத்தனையில் நிறுத்துவது, நேர்ப்புள்ளியா ஊடுபுள்ளியா, எந்த நாளைக்கு உரியது, யாரிடம் கற்றார், எந்த ஊரில் என்று எழுதிக்கொள்ளுங்கள். கோடு போடும்போது அவர் வாயில் ஏதாவது கணக்கோ பாட்டோ ஓடினால் அதையும் விடாதீர்கள். வெளியே காட்டலாமா என்று அவரையே கேளுங்கள். முதல் பக்கத்தில் அவர் முழுப்பெயரை எழுதுங்கள், 'அப்பாயி கோலம்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். கட்டம் போட்ட வரைபடத் தாளில் பால்பாயின்ட் பேனாவால் ஒரு பிரதி எடுத்து வைப்பதும் அவசியம். மைப்பேனா நம் ஊர் ஈரத்தில் கசிந்துவிடும்.